ரூமா கிணறும் தவணைக் கல்வியும்



  

சென்ற மாதம் ஓர் உம்மா எங்கள் வீட்டிற்கு வந்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம். விடிந்தது முதல் குனிந்து சுற்றினாலும் ஆயிரத்தை எட்டாத விரல்கள். திரைக்கு அப்பால் என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தவர்கள், பிறகு என்னை நோக்கிச் சொன்னார்கள்: "ஹஜ்ரத், புள்ள படிக்கட்டும்னுதான் சம்மதிச்சேன். கையெழுத்துக்கூடப் போடலை. போன்ல வந்த நம்பரச் சொன்னேன், அவ்வளவுதான்."

அந்த எண்ணைச் சொன்னதும் 48,000 ரூபாய்க் கடன் அவர்கள் பெயரில் ஏறிவிட்டது. மகனுக்கு இணையவழிப் பாடம், கைக்கணினி, மாதிரித் தேர்வுகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. மாதம் 4,000 வீதம் 12 தவணை. நான்கு மாதத்திற்குப் பின் பாடம் வருவது நின்றது. தவணை நிற்கவில்லை. ஏனெனில் பாடம் விற்றவர் வேறு, கடன் கொடுத்தவர் வேறு. விற்றவர் தமக்குரிய தொகையை முதல் நாளே முழுமையாகப் பெற்றுக்கொண்டார். வங்கிக் கணக்கில் பணம் இல்லாத மாதங்களில் அபராதம் சேர்ந்தது. கடைசியில் அந்த உம்மா கைவளையலை அடகு வைத்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கு நமக்குத் தேவையில்லை. இந்த ஜமாஅத்தில் இவர்கள் ஒருவர் மட்டும் இல்லை என்பதே நம் கவலை.

சகோதரர்களே! இந்த உம்மா ஏன் அந்தக் கடைக்குச் சென்றார்கள்? ஆசையினால் மட்டுமா? நான் அவ்வாறு கருதவில்லை. சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

2001ஆம் ஆண்டின் இறுதியில் தமிழக அரசு நிதி நெருக்கடியைக் காரணம் காட்டிப் புதிய பணி நியமனங்களுக்குத் தடை விதித்தது. நான் அப்போது மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த மாணவன். 2003 ஏப்ரல் 1க்குப் பின் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டதும், உச்ச நீதிமன்றம் வரை வழக்குச் சென்றதும், பெரும்பாலோர் மீண்டும் சேர்க்கப்பட்டதும் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நியமனத் தடை 2006இல்தான் விலகியது. என்னுடன் ஓதிய ஒருவரின் அண்ணன் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு அந்த ஆண்டுகள் முழுவதும் காத்திருந்தார். பின்னர் ரியாத்துக்குச் சென்று ஒரு கடையில் நின்றார். அவர் கரும்பலகை முன் நிற்கவே இல்லை.

2020இல், கொரோனாக் காலத்தில், அதே சிக்கனம் மீண்டும் வந்தது. புதிய பணியிடங்கள் உருவாக்கத் தடை, அகவிலைப்படி நிறுத்தம், ஓய்வு வயது 58இலிருந்து 59. அடுத்த ஆண்டு அது 60 ஆயிற்று. ஓய்வு தள்ளிப்போனால் காலியிடமும் தள்ளிப்போகும் அல்லவா? அதன் விளைவை 2022 ஜூலையில் கண்டோம். குரூப் 4 தேர்வில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22 இலட்சம் பேர். முந்நூறு பேருக்கு ஓர் இருக்கை. 2025 ஜூலைத் தேர்வில் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பம் ஏறத்தாழ 13.89 இலட்சம். ஆள் குறைந்தது, ஆனால் இடம் அதைவிடக் குறைந்தது.

ஒன்றிய அரசின் பக்கமும் அப்படியே. சச்சார் குழு 2006இல் நம் சமுதாயத்தின் கல்வி நிலையை எடுத்துரைத்த பின் வந்தவையே சிறுபான்மை மாணவர் உதவித்தொகைகள். 2022இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான உதவித்தொகை நிறுத்தப்பட்டது. ஆய்வு மாணவர்களுக்கான மவுலானா ஆசாத் ஃபெலோஷிப்பும் அவ்வாண்டு டிசம்பரில் முடிவுக்கு வந்ததாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்குக் கிடைத்தது மாதம் 100 ரூபாய்தான். அற்பம் என்று சொல்வோர் உண்டு. பீடி சுற்றும் வீட்டில் 1,000 ரூபாய் என்பது ஓராண்டுக்கான நோட்டுப் புத்தகமும் செருப்பும் பையும். பீடித் தொழிலாளர் நலனுக்கென 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலித்த தனித் தீர்வையும் 2017இல் ரத்தாகிவிட்டது. அதன் பின் அவர்கள் பிள்ளைகளின் உதவித்தொகை பொது வரவுசெலவுத் திட்டத்தின் தயவில் இருக்கிறது.

மிம்பரில் அரசியல் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஏழையின் அடுப்பை அணைக்கும் கணக்கைப் பற்றிப் பேசாமல் ஜகாத்தைப் பற்றி மட்டும் பேசு என்றால் எனக்கு அது விளங்கவில்லை. சிக்கனத்தை மார்க்கம் வெறுக்கவும் இல்லை. ஸூரா யூஸுஃபைப் பாருங்கள். ஏழு ஆண்டுகள் பயிரிட்டு, உண்பதற்குச் சிறிது போக மீதியைக் கதிரிலேயே விட்டு வைக்குமாறு யூஸுஃப் (அலை) அவர்கள் வழி சொன்னார்கள். செழிப்பில் இறுக்கிப் பிடித்தது, பஞ்சத்தில் கையை விரிப்பதற்காக. நம் காலத்தில் இது தலைகீழாக நடக்கிறது. மக்கள் வருமானம் இழந்த ஆண்டில்தான் அரசும் கையை மூடுகிறது.

ஹிஜ்ரி 18இல் மதீனாவைப் பஞ்சம் வாட்டியது. சாம்பல் ஆண்டு என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிக்கனத்தைத் தம் வயிற்றிலிருந்து தொடங்கினார்கள். மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யைத் தொட மறுத்தார்கள். அவர்களின் நிறமே மாறிப்போனது என்பார்கள். ஆனால் மக்களுக்கான செலவைக் குறைக்கவில்லை. பிற மாகாணங்களிலிருந்து தானியம் வரவழைத்தார்கள். அவ்வாண்டு ஜகாத் வசூலையும் ஒத்திவைத்தார்கள்.

இன்னொன்று. பத்ருப் போரில் சிறைப்பட்டோர் மீட்புப் பணம் தரவேண்டியிருந்தது. மதீனா அப்போது செல்வ நாடு அன்று. பலர் பட்டினியோடு வாழ்ந்த ஊர். பணம் இல்லாத, எழுதத் தெரிந்த கைதிகளிடம் நபி (ஸல்) அவர்கள் பணம் கேட்கவில்லை. அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள், அதுவே மீட்பு என்றார்கள். இதை இமாம் அஹ்மத் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். வறிய கருவூலம், தனக்கு வரவேண்டிய வருவாயைப் பிள்ளைகளின் எழுத்தறிவுக்காக விட்டுக்கொடுத்தது!

சகோதரர்களே! சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம். பணக்காரர் தலையிலும் கூலிக்காரர் தலையிலும் ஒரே தண்ணீர்தான் விழுகிறது. ஆனால் நம் கண் முன்னே என்ன நடந்தது? மலையிலிருந்து வரும் ஓடையைத் திருப்பி, வேலி கட்டி, செயற்கை அருவி அமைத்துக் கட்டணம் வாங்கிய விடுதிகள் முளைத்தன. 2022 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க ஆணையிட்டது. இணையக் கல்விச் சந்தையின் கதையும் எனக்கு அப்படியே தோன்றுகிறது. அரசுப் பள்ளியும் உதவித்தொகையும் வேலைவாய்ப்பும் ஓடை. ஓடை வற்றும் இடத்தில், அல்லது திருப்பப்படும் இடத்தில், கட்டண அருவி எழும்புகிறது.

நல்ல ஆசிரியர் கட்டணம் பெறுவது தவறன்று. நான் குறிப்பிடுவது வேறு. இன்று படிப்பவர்களின் குழுக்கள் டெலிகிராமிலும் யூடியூபிலும் நிறைந்துள்ளன. அவற்றில் பல நல்லவை. தெரியாத வினாவுக்கு நள்ளிரவில் விடை சொல்லும் அன்பர்கள் அங்கு உண்டு. ஆனால் அதே இடத்தில் மேசை அலங்காரம், பத்து நிறத்தில் அடிக்கோடிடும் பேனாக்கள், விலையுயர்ந்த கைக்கணினி, "இன்றே கடைசி நாள்" என்று தினந்தோறும் வரும் கடைசி நாள்! படிப்பைக் காட்டும் காட்சி படிப்பைவிடப் பெரிதாகிவிட்டது. நம் வாலிபர் ஒருவர் தம் கைப்பேசியைக் காட்டினார். பதினொரு குழுக்கள், நாலாயிரத்துக்கு மேற்பட்ட பி.டி.எஃப். எத்தனை படித்தீர்கள் தம்பி என்றேன். சிரித்தார். வாங்கியதும், பதிவிறக்கியதும், படித்துவிட்டது போன்ற ஒரு நிறைவு வந்துவிடுகிறது. அந்த நிறைவைத்தான் விற்கிறார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஓதிய காலத்தில் பொன்னெழுத்து அட்டை போட்ட கிதாபுகளைக் கடன் வாங்கி அடுக்கியவன் நான். அலமாரியைப் பார்த்த எங்கள் உஸ்தாத், "அலமாரி ஆலிம் ஆகிவிட்டது, நீ எப்போது ஆகப்போகிறாய்?" என்றார்கள். திருமறையின் 102ஆம் அத்தியாயம் பெருக்கிக்கொள்ளும் போட்டியைக் கண்டிக்கிறது. அது பொன்னுக்கும் நிலத்துக்கும் மட்டும் உரியது என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

கடன் விஷயத்தில் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று முன்னரே பேசி, ஒன்றை முடிவு செய்து வாங்குவது கூடும் என்பது பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்களின் தீர்ப்பு. ஆனால் தவணை தவறியதும் தொகை வளருமானால் அது அறியாமைக் காலத்து வட்டியின் அதே வடிவம். "வட்டியில்லாத் தவணை" என்று எழுதியிருக்கும். தாமதக் கட்டணம் எவ்வளவு, பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு, பாடம் நின்றால் கடன் நிற்குமா என்று கேளுங்கள். 2021 டிசம்பரில் ஒன்றியக் கல்வி அமைச்சகமே பெற்றோரை எச்சரித்தது: தானாகப் பணம் பிடிக்கும் அனுமதியைத் தவிருங்கள், விவரம் அறியாமல் கடனில் சிக்காதீர்கள் என்று. பெரிய பெயர் பாதுகாப்பு என்றும் எண்ணாதீர்கள். 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட பைஜூஸ் நிறுவனம் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் சென்றது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? மதீனாவில் ரூமா என்றொரு கிணறு இருந்தது. நல்ல தண்ணீர், உரிமையாளர் விலைக்கு விற்றுவந்தார். இல்லாதவர்கள் தவித்தார்கள். அக்கிணற்றை வாங்கித் தம் வாளியை மற்ற முஸ்லிம்களின் வாளிக்குச் சமமாக ஆக்குபவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தம் செல்வத்திலிருந்து வாங்கி வக்ஃப் செய்தார்கள். ஒவ்வோர் ஏழைக்கும் ஒரு குடம் தண்ணீர் வாங்கித் தந்திருந்தால் விற்பனைதான் பெருகியிருக்கும். அவர்கள் கிணற்றையே பொதுவாக்கினார்கள். வாளி சமம் என்ற சொல்லைக் கவனியுங்கள். வசதியுள்ளவரின் பிள்ளையும் அதே கிணற்றில்தான் இறைக்க வேண்டும்.

நம்மிடமும் கிணறுகள் உள்ளன, தூர்ந்துபோகவில்லை. தமிழ்நாடு தேர்வாணையத்தின் பெரும்பாலான வினாக்களுக்கு அடிப்படை ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பாடநூல்கள். அவற்றை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். ஏ.ஐ.எம். டி.என். என்ற அரசு யூடியூப் அலைவரிசையில் பாடங்கள் உள்ளன. மாவட்ட வேலைவாய்ப்பு மையங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் இயங்குகிறது. தென்காசியில் வ.உ.சி. பெயரால் அமைந்த நூலகத்தில் வாசகர் வட்டத்தார் போட்டித் தேர்வாளர்களுக்குக் கைகொடுத்து வருகிறார்கள். 2024 ஏப்ரலில் வெளியான குடிமைப் பணித் தேர்வு முடிவில் நம் மாவட்டத்துப் பீடி சுற்றும் தாயின் மகள் ஒருவர் தேர்ச்சி பெற்றார். அவர் படித்ததும் ஒரு நூலகத்தில்தான். "நான் முதல்வன்" திட்டத்தில் 2023 முதல் தேர்வு மூலம் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் பத்து மாதங்களுக்கு வழங்கும் ஏற்பாடு வந்தது. அரசு கையை மூடினால் கேட்கிறோம். விரித்தால் அதையும் சொல்ல வேண்டும்.

நிறுத்தப்பட்ட உதவித்தொகைகளைத் திரும்பக் கேட்பதை நாம் விட்டுவிடக் கூடாது. அது பிச்சை அன்று. நாம் கட்டும் வரியின் பங்கு. ஒரு தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி கட்டுகிறார். கேட்டுக்கொண்டே நம் கிணற்றையும் தோண்ட வேண்டும்.

நம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு சிரமம் உண்டு. பேருந்தேறி நூலகத்துக்கு அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள். கைப்பேசியே வகுப்பறை ஆகிவிடுகிறது. விற்பவர் அவர்களை எளிதாக அடைகிறார். ஆகவே நிர்வாகத்தினருடன் கலந்து ஒரு முடிவெடுத்துள்ளோம். மதரஸாவின் மேல் அறையில் பாடநூல்கள் இரண்டு தொகுப்பு வந்துவிட்டன. லுஹருக்குப் பின் அஸர் வரை பெண்களுக்கு. மஃரிபுக்குப் பின் இரவு ஒன்பதரை வரை ஆண்களுக்கு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் வரச் சம்மதித்துள்ளார்கள். இருவருமே நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். கேட்டவுடன் சரி என்றார்கள். மேசை பழையது, மின்விசிறி ஒன்று போதாது. எந்தச் சமுதாயத்துப் பிள்ளை வந்தாலும் இடம் உண்டு.

கடனில் சிக்கியவர்களுக்குத் திருமறை 9:60 ஜகாத்தில் ஒரு பங்கை ஒதுக்கியிருக்கிறது. தவணைக் காகிதம் வைத்திருப்பவர்கள் வெட்கப்பட வேண்டாம். அஸருக்குப் பின் அலுவலக அறைக்குக் கொண்டு வாருங்கள். பெண்கள் என் வீட்டில் கொடுக்கலாம். கணக்குத் தெரிந்த இரண்டு வாலிபர்கள் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, அநியாயமாகச் சேர்த்த தொகையை எதிர்த்து எழுதுவார்கள். அந்த உம்மாவுக்கு இன்னும் ஐந்து தவணை இருக்கிறது. முதல் தவணையை ஒருவர் ஏற்றுக்கொண்டார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். அடகுச் சீட்டின் கெடு அடுத்த மாதம் பத்தாம் தேதி. வளையல் ஒன்றரைப் பவுன்.

குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. ஸுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.