பேஸ்ட் கெட்டதா, தண்ணி கெட்டதா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு பல் சொத்தையும் ஃபுளோரைடு பேஸ்ட்டும். நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவள். வீட்டைப் பார்த்துக்கறவள். சுகாதாரப் பயிற்சியில பல் டாக்டரம்மா சொன்னதையும், அதுக்குப் பிறகு நான் தேடிப் படிச்சதையும் வச்சுத்தான் பேசறேன்.

நம்ம தருமபுரி மாவட்டத்துல ஃபுளோரைடுனு சொன்னாலே எல்லாருக்கும் பயம். காரணம் இருக்குது. போர் தண்ணி குடிச்சுக் குடிச்சுப் பல்லெல்லாம் காவி ஏறினவங்க நம்ம ஊர்ல எத்தனை பேர்! முட்டியும் இடுப்பும் பிடிச்சுக்கிட்டு, குனிய முடியாம, நிமிர முடியாம இருக்கற பெரியவங்களைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம். பொண்ணு பார்க்க வந்தப்போ வாயைத் திறந்து சிரிக்காம உட்கார்ந்திருந்த பொண்ணுங்க இந்தக் கூட்டத்துலயும் இருப்பீங்க.

ஆனா அந்தப் பயம் இப்போ திசை மாறிப் போகுது. எங்க குழுவுல ஒரு அக்கா. "பேஸ்ட்லயும் அதே விஷம்தான் கலக்கறாங்க"னு போன்ல ஒரு செய்தி வந்ததாம். அன்னைக்கே வீட்டுல பேஸ்ட்டை நிறுத்திட்டாங்க. குடிக்கறதுக்கு மட்டும் பழைய போர் தண்ணிதான். குழாய்ல வர்ற தண்ணி சப்புனு இருக்குதாம். ரெண்டு வருசம் போச்சு. ஏழு வயசுப் பையனுக்கு நாலு கடவாய்ப்பல் சொத்தை. புதுசா முளைச்ச முன்பல்லுல காவி. ராத்திரியெல்லாம் பையன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கான். கடைசியில குழுவுல உள்கடன் வாங்கித்தான் வைத்தியம் பார்த்தாங்க. பயப்பட வேண்டிய தண்ணியை விட்டுட்டாங்க, பேஸ்ட்டைப் பார்த்துப் பயந்துட்டாங்க. இது அந்த அக்கா ஒருத்தர் கதை இல்லை. பல வீட்டுல நடக்குது. அதனாலதான் இதைப் பேசணும்னு ஒத்துக்கிட்டேன்.

முதல்ல சொத்தை எப்படி வருதுனு பார்ப்போம். நம்ம பாட்டிமார்கள் இதைப் பூச்சிப் பல்லுனு சொல்லுவாங்க. கண்டங்கத்தரி விதையைப் போட்டுப் புகை பிடிச்சா புழு விழும்னு நம்பினாங்க. நம்ம ஊர்ல மட்டும் இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான் நம்பியிருக்காங்க. பெர்லின் நகரத்துல இருந்த மில்லர்னு ஒரு பல் ஆராய்ச்சியாளர், பிடுங்கின பல்லை எச்சில்ல ஊற வச்சு, அதோட ரொட்டியும் சர்க்கரையும் சேர்த்துப் பார்த்தார். பல் கரைஞ்சு மெதுவாயிடுச்சு. வாயில இருக்கற கண்ணுக்குத் தெரியாத கிருமி, நாம தின்ன இனிப்பையும் மாவையும் தின்னு புளிக்க வைக்குது, அந்தப் புளிப்பு அமிலம்தான் பல்லை அரிக்குதுனு 1890-ல் புத்தகமாகவே எழுதினார். மாவு புளிக்கறது நமக்குத் தெரியாததா? அதே வேலைதான் வாய்க்குள்ள நடக்குது.

ஒவ்வொரு தடவை இனிப்பு வாய்க்குள்ள போகும்போதும் சுமார் அரை மணி நேரம் அந்தப் புளிப்பு இருக்கும். அந்த நேரத்துல பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் கொஞ்சமா வெளியே போகும். அப்புறம் எச்சில் ஊறி, போன சத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். நம்ம சேமிப்புக் கணக்கு மாதிரி வரவும் செலவும் நடந்துகிட்டே இருக்கு. செலவு அதிகமாயிட்டா பல்லுல ஓட்டை. அதனால எவ்வளவு இனிப்பு தின்னாங்கங்கறதை விட, எத்தனை தடவை தின்னாங்கங்கறது முக்கியம்.

இதை ஸ்வீடன் நாட்டுல 1940-களில் சோதிச்சுப் பார்த்தாங்க. விப்பெஹோம்னு ஒரு மனநலக் காப்பகம். சாப்பாட்டோட சர்க்கரை சாப்பிட்டவங்களுக்குச் சொத்தை அதிகம் கூடலை. சாப்பாட்டுக்கு நடுவுல ஒட்டிப் பிடிக்கற டாஃபி மிட்டாய் தின்னவங்களுக்குப் பல்லெல்லாம் சொத்தையாச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும். வேண்டாம்னு எடுத்துச் சொல்ல முடியாதவங்களை வச்சு, அவங்ககிட்ட சம்மதம் கேட்காம அந்தச் சோதனையைச் செஞ்சாங்க. அது பெரிய பாவம். அவங்க பல்லைக் கொடுத்து நமக்குக் கிடைச்ச பாடம் இது. கடையில வாங்கற மிட்டாய், பன், கிரீம் பிஸ்கட்டை நாள் முழுக்கக் கொறிக்கற பழக்கத்தை நிறுத்தணும். பால் புட்டியை வாயில வச்சபடியே குழந்தையைத் தூங்க வைக்கக் கூடாது.

இப்போ ஃபுளோரைடு கதைக்கு வர்றேன். அமெரிக்காவில கொலராடோ ஸ்பிரிங்ஸ்னு ஒரு ஊர். 1901-ல் ஃபிரெடரிக் மெக்கேனு ஒரு இளம் பல் டாக்டர் அங்கே தொழில் செய்யப் போனார். அந்த ஊர்க்காரங்க பல்லெல்லாம் காவி. நம்ம ஊர்ப் பல் மாதிரியே. காரணம் யாருக்கும் தெரியலை. பன்றிக்கறி தின்னதால வந்ததுன்னாங்க, பால் சரியில்லைன்னாங்க. மெக்கே விடலை. பிளாக்னு ஒரு பெரிய பல் மருத்துவரையும் 1909-ல் வரவழைச்சு ரெண்டு பேருமா ஆராய்ஞ்சாங்க. ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. ஒண்ணு, சின்ன வயசுல பல் உருவாகும்போதுதான் காவி பிடிக்குது. நிலைப்பல் முளைச்ச பிறகு அந்த ஊருக்கு வந்தவங்களுக்குப் பிடிக்கறதில்லை. இன்னொண்ணுதான் ஆச்சரியம். காவி பிடிச்ச பல்லுல சொத்தை குறைவா இருந்தது.

அப்புறம் ஐடஹோ மாநிலத்துல ஓக்லினு ஒரு ஊர். புதுசா குழாய் போட்டு ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து தண்ணி கொண்டுவந்த பிறகு பிள்ளைங்க பல்லு காவியாகுதுனு பெத்தவங்க சொன்னாங்க. கவனிங்க, கண்டுபிடிச்சுச் சொன்னது பெத்தவங்கதான். அந்தக் குழாயை விட்டுட்டு வேற ஊற்றுத் தண்ணிக்கு மாறுங்கன்னார் மெக்கே. மாறினாங்க. சில வருசத்துல சின்னப் பிள்ளைங்களுக்குப் பல் வெள்ளையா முளைச்சுது. தண்ணியில இருக்கறது எதுனு 1931-ல் சர்ச்சில்னு ஒரு வேதியியல் நிபுணர் கண்டுபிடிச்சார். அதுதான் ஃபுளோரைடு. மெக்கே தேட ஆரம்பிச்சு முப்பது வருசம் ஆயிருந்தது.

நம்ம பக்கமும் அப்போதே தெரிஞ்சிருக்கு. அன்னைக்கு நெல்லூர் நம்ம சென்னை மாகாணத்துல இருந்தது. அந்தப் பகுதி ஜனங்க எலும்பு இறுகி முடங்கிப் போறதுக்குத் தண்ணியில உள்ள ஃபுளோரைடு காரணம்னு 1937-ல் டாக்டர் ஷார்ட்டும் அவரோட சேர்ந்தவங்களும் எழுதினாங்க. நம்ம மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணி கொண்டுவர்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் தொடங்கிச்சு. நடுவுல எத்தனை வருசம், எத்தனை பேர் இடுப்பு! அதனால சப்புனு இருக்குதுனு அந்தத் தண்ணியை ஒதுக்காதீங்க.

அப்படின்னா இந்த ஃபுளோரைடை எதுக்குப் பேஸ்ட்டுல போடறாங்க? வயித்துக்குள்ள போய் ரத்தத்துல கலந்தாத்தான் அது எலும்பையும், ஈறுக்குள்ள வளர்ற பல்லையும் கெடுக்குது. அதே ஃபுளோரைடு பல்லு மேல மட்டும் பட்டா, எச்சில் கொண்டுவர்ற சுண்ணாம்புச் சத்தோட சேர்ந்து பல்லை இறுக்குது. அப்படி இறுகின பல் புளிப்புக்குச் சீக்கிரம் கரையாது. உள்ளே போனா கெடுதி, மேலே பட்டா நன்மை.

முதல்ல பேஸ்ட்டுல போட்டப்போ வேலை செய்யலை. பேஸ்ட்டுல இருந்த சுண்ணாம்புத் தூளே ஃபுளோரைடைப் பிடிச்சு வச்சுக்கிச்சு. இந்தியானா பல்கலைக்கழகத்துல ஜோசப் முஹ்லர் என்கிறவர் வெள்ளீயத்தோட சேர்ந்த ஃபுளோரைடைப் போட்டுச் சரி செஞ்சார். 1950-களில் அந்தப் பேஸ்ட் கடைக்கு வந்தது. அதுக்குப் பிறகு பல நாட்டுல நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா சேர்த்து 2003-ல் கணக்குப் பார்த்தாங்க. 70 ஆய்வுகள், 42 ஆயிரத்துக்கும் மேலான பிள்ளைங்க. ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டுல 100 சொத்தை வர்ற இடத்துல, ஃபுளோரைடு பேஸ்ட்டுல 76 தான் வந்தது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை விளக்கினவங்களுக்கும், பெரியவங்க பக்கத்துல நின்னு விளக்க வச்ச பிள்ளைங்களுக்கும் பலன் இன்னும் கூட.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதினு பழமொழி சொல்றோம். ஆலங்குச்சி, வேலங்குச்சியால ஒழுங்கா தேய்ச்சா அழுக்குப் போகும், அதை நான் குறை சொல்லலை. ஆனா இன்னைக்கு நம்ம பிள்ளைங்க தின்கிற இனிப்பு நம்ம தாத்தா கண்ணால பார்க்காதது. செங்கல் தூள், கரித்தூள், சாம்பல் மட்டும் வேண்டாம். பல்லையே தேய்ச்சுடும்.

சரி, கணக்குக்கு வருவோம். கணக்குனா நமக்குத் தெரியாதா! நம்ம நாட்டுச் சட்டப்படி பேஸ்ட்டுல ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.முக்கு மேல இருக்கக் கூடாது. எவ்வளவு இருக்குனு டியூப்லயே போட்டிருக்கணும். 1000 பி.பி.எம்.னா ஒரு கிராம் பேஸ்ட்டுல ஒரு மில்லிகிராம். பட்டாணி அளவு பேஸ்ட் ஏறக்குறைய கால் கிராம். அதுல கால் மில்லிகிராம். ரெண்டு வேளையும் அதைக் குழந்தை மொத்தமா முழுங்கினாக்கூட அரை மில்லிகிராம். துப்பினா அதுலயும் பெரும்பகுதி வெளியே போயிடும்.

இப்போ தண்ணியைப் பாருங்க. குடிதண்ணியில லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லாட்டி ஒன்றரை வரைக்கும் போகலாம்னு நம்ம நாட்டுத் தர அளவு சொல்லுது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருக்கற போர் தண்ணியை ஒருத்தர் தினம் ரெண்டு லிட்டர் குடிச்சா 6 மில்லிகிராம். அதுலயே களி கிண்டறோம், சோறு வடிக்கறோம், டீ போடறோம். அதையும் சேர்த்துக்குங்க. எந்தப் பக்கம் செலவு அதிகம்னு நீங்களே சொல்லுங்க. காவிப் பல்லுக்குச் சொத்தையே வராதுனும் நினைச்சுடாதீங்க. காவி கடுமையாயிட்டா பல்லுல குழி விழும், உடையும், சொத்தையும் வரும்.

இன்னொரு விஷயம். தண்ணியைக் காய்ச்சினா கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணி வத்த வத்த அதோட அளவுதான் கூடும். துணியில வடிகட்டினாலும் போகாது.

அதனால நம்ம குழுக்கள் செய்யறதுக்கு மூணு வேலை சொல்றேன்.

முதல் வேலை, தண்ணியைப் பரிசோதிக்கறது. ஜல் ஜீவன் திட்டத்துல ஊருக்கு அஞ்சு பெண்களுக்குத் தண்ணி பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தரணும்னு இருக்கு. மருந்து ஊத்தினா கலர் மாறும், அட்டையில இருக்கற கலரோட ஒப்பிட்டுப் பார்க்கணும், அவ்வளவுதான். நம்ம ஊர்ல அந்த அஞ்சு பேர் யாரு, பெட்டி எங்கே இருக்குனு ஊராட்சியில கேளுங்க. போர் ஒவ்வொண்ணா பாருங்க. ஃபுளோரைடு அதிகமா இருக்கற போர் பக்கத்துல, "குடிக்கவும் சமைக்கவும் கூடாது, துவைக்கலாம்"னு எழுதி வைக்கச் சொல்லுங்க.

இரண்டாவது, பேஸ்ட் வாங்கும்போது டியூப்ல ஃபுளோரைடு அளவைப் படிச்சு வாங்கறது. பத்து ரூபாய் டியூப்லயும் போட்டிருக்கும். விளம்பரத்துல காட்டற மாதிரி பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். மூணு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு ஒரு அரிசி அளவு, ஆறு வயசு வரைக்கும் பட்டாணி அளவு போதும். நம்ம தண்ணி இப்படி இருக்கறதால, சின்னக் குழந்தைக்கு எந்தப் பேஸ்ட்டுனு பல் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. பேஸ்ட் இனிப்பா இருக்குதுனு பிள்ளைங்க டியூப்பை எடுத்து நக்கும். அதைக் கைக்கு எட்டாத இடத்துல வையுங்க.

மூன்றாவது, ராத்திரி. தூங்கும்போது எச்சில் குறைவாத்தான் ஊறும், அதனால கிருமிக்கு ராத்திரிதான் வசதி. ஏழெட்டு வயசு வரைக்கும் அம்மாவோ அப்பாவோ பக்கத்துல நின்னு விளக்கி விடணும். அப்பாவும்தான், சும்மா சொல்லலை! நுரையைத் துப்பச் சொல்லுங்க. ஆனா சொம்பு சொம்பாத் தண்ணி விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பல்லுல லேசா ஒட்டியிருக்கற மருந்து ராத்திரி முழுக்க வேலை செய்யட்டும். விளக்கின பிறகு தண்ணியைத் தவிர வேற எதுவும் கொடுக்காதீங்க.

பால் பல் எப்படியும் விழப்போறதுதானேனு யாரும் விட்டுடாதீங்க. பல் வலிக்கற பிள்ளை சாப்பிடாது, தூங்காது, பள்ளிக்கூடத்துல பாடமும் ஏறாது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மருத்துவக் குழு வர்ற அன்னைக்குப் பல்லையும் பாருங்கனு நாம சொல்லணும்.

தலைவி அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்துல இந்தத் தண்ணி பரிசோதனையைத் தீர்மானமா போட்டு நோட்டுல எழுதணும். எந்த ஊர்ல எந்த போர், ஃபுளோரைடு எவ்வளவுனு கடன் பாக்கி வாசிக்கற மாதிரி மாதாமாதம் வாசிக்கணும். எங்க ஊர்ப் பட்டியலை நான் எடுத்துக்கிட்டு வர்றேன்.