நண்பர் அலமாரியில் இருந்த மூன்று நிமிஷம்

(பெங்களூர்க் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சங்கீதத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பாடகன் அல்ல. ராமநவமி வந்தால் சாமராஜபேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்தில் போய் உட்காருகிற சாதாரண ரசிகன். ஆகவே, நான் கேட்ட ஒரு பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மல்லேஸ்வரத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதும், அவற்றின் பிரதிகளைக் கணினியில் ஏற்றி வைப்பதும்தான் அவருக்கு நித்திய கர்மா. அந்தச் சேகரிப்பிலிருந்து ஒரு நாள், கோயம்புத்தூர் தாயி பாடிய ராமலிங்க ஸ்வாமிகளின் அருட்பா ராகமாலிகையைப் போட்டார். முதலில் வாணலியில் வடாம் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல். அதைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண் குரல். காபி கொண்டுவந்த மாமி, டம்ளரைக் கீழே வைக்காமல் பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே நின்றுவிட்டார்.

தாயி 1872இல் பிறந்து 1917இல் மறைந்தவர். மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்ததோ 1925இல்தான். அவர் காலத்தில் ஒரு பெரிய கூம்புக் குழாயின் எதிரே இருந்துகொண்டு, உரத்த குரலில், சுமார் மூன்று நிமிஷத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். அத்தனை நெருக்கடியிலும் பிரார்த்தனை பிரார்த்தனையாகவே நிற்கிறது.

இந்தப் பாட்டு போன தூரத்தையும் நண்பர் சொன்னார். மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், புகழ்பெற்ற ராவெலின் சிஷ்யர், 1912 வாக்கில் இந்தியாவுக்கு வந்தார். தாயியின் குரலில் மயங்கினார். இந்த அருட்பாத் தட்டையே ஆதாரமாகக் கொண்டு ‘ராகமாலிகா’ என்று பியானோவுக்கு ஓர் உருப்படி எழுதினார். நம் வாத்திய ஓசை வர வேண்டுமென்று, பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டைத்துண்டு செருகி, அதன் நாதத்தை மங்கச் செய்யச் சொன்னார். பாரிஸ் நகரத்துக்காரர் அப்படிப் போற்றிய பெயர், நம்மில் எத்தனை பேர் வீட்டில் உச்சரிக்கப்படுகிறது?

இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் தேசத்தில் வணிகரீதியான ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் ஆரம்பமானது; அப்போது பதிவான குரல்களில் கௌஹர் ஜானின் குரலும் ஒன்று. தட்டில் பாடினால் குரல் போய்விடும் என்று பெரிய வித்வான்கள் பலர் தயங்கிய காலம் அது. துணிந்து பாடியவர்களில் தேவதாசி மரபில் வந்த பெண்கள் அநேகம். ஆகவே நூறு வருஷத்துக்கு முந்தைய கானத்தைக் காதால் கேட்க வேண்டுமானால் பெரும்பாலும் இவர்களிடம்தான் போக வேண்டும். திருவையாற்றில் தியாகப்பிரம்மத்துக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் இவர்களில் ஒருவர்தானே. சங்கீதம் நம் குலதனம் என்று பெருமைப்படும்போது, அதைக் காத்துக் கொடுத்தவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கௌஹர் ஜான் கடைசியில் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து, 1930இல் அங்கேயே காலமானார். மைசூர் அரண்மனை ஆவணங்களில் அவரைப் பற்றிய கடிதங்களைக் கண்ட நம் ஊர் விக்ரம் சம்பத், 2010இல் அவருடைய சரித்திரத்தை நூலாக வெளியிட்டார். பிறகு பழைய தட்டுகளைக் கணினிப் பதிவாக்கி, இணையத்தில் எல்லோரும் இலவசமாகக் கேட்கும்படி ஓர் இந்திய இசைக் காப்பகத்தையும் பெங்களூரில் தொடங்கினார்.

பல ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். தாத்தா வாங்கிய தட்டுகள் பரணில் கிடந்தால், வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கு கலந்து செய்தது. கீழே விழுந்தால் உடையும், ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் கரையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிற்க வைத்து வையுங்கள். பிற்கால எல்.பி. தட்டின் ஊசியை இதில் வைக்கக் கூடாது. இதற்கென்று தடித்த ஊசி வேண்டும். லேபிளில் உள்ள பெயர், பாட்டு, எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். யார், எப்போது வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களை இன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, விஷயம் தெரிந்த சேகரிப்பாளரிடமோ காப்பகத்திடமோ கொடுத்துப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள்.

முக்கியமாக, யாராவது வீட்டுக்கு வந்தால் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். பூட்டி வைத்த தட்டு வெறும் அரக்குதான். இன்னொருவர் காதில் விழுந்தால்தான் அது சங்கீதம்.