உப்பு நிலத்துக்குத் திரும்பிய வரிக்குதிரைகள்



தென் ஆப்பிரிக்கப் பகுதியிலுள்ள போட்சுவானா நாட்டின் வடகிழக்கே, பண்டைப் பேரேரி ஒன்று வற்றியதால் உண்டான மக்காடிக்காடி உப்புப் படுகைகள் விரிந்து கிடக்கின்றன. வறண்ட மாதங்களில் அங்கு நிற்பவர் வெடித்த உப்புப் பொருக்கையும் கானல்நீரையும் அன்றி வேறொன்றும் காணார்.

நவம்பர் வாக்கில் மழை தொடங்கியதும் அந்நிலம் மாறுகிறது. படுகைகளில் நீர் தேங்க, மண்ணில் உறங்கிக் கிடந்த உப்புநீர் இறாலின் முட்டைகள் பொரிகின்றன. மழை மிகுந்த ஆண்டுகளில் சுவா படுகையில் பூநாரைகள் பல்லாயிரமாய்க் கூடிச் சேற்றைக் குவித்துக் கூடு கட்டும். நீர் விரைந்து வற்றிவிட்டால், பறக்க இயலாக் குஞ்சுகள் எஞ்சிய நீரைத் தேடி நடக்க வேண்டியதுதான். எல்லாம் போய்ச் சேர்வதில்லை.

ஆயினும் நான் சொல்ல வந்தது வரிக்குதிரைகளின் செய்தி. வடமேற்கிலுள்ள ஒக்கவாங்கோ டெல்டாவில் ஆண்டு முழுவதும் நீர் உண்டு. அதை விட்டு ஏன் உப்பு நிலத்துக்கு வரவேண்டும்? படுகையோரங்களில் மழைக்குப்பின் தழைக்கும் புல் சத்து மிக்கது என்பதே காரணம். சென்று திரும்ப 500 கிலோமீட்டருக்கு மேல் நடை.

1968இல் அவ்வழியின் குறுக்கே கம்பிவேலி எழுந்தது. காட்டெருமைகளிடமிருந்து கோமாரி நோய் மாடுகளுக்குப் பரவாமல் தடுப்பதே நோக்கம். மாட்டை நம்பி வாழும் மக்களின் அச்சத்தை நான் எளிதாகக் குறைகூற மாட்டேன். எனினும் அந்த நடை நின்றது. 2004இல் வேலி அகற்றப்பட்டது. சில ஆண்டுகளுக்குள், டெல்டாவில் கழுத்துப்பட்டைக் கருவி பூட்டப்பட்ட வரிக்குதிரைகள் சில, ஆய்வாளர் வியக்கும்படி, மக்காடிக்காடியை நோக்கி நடந்தன.

இடையில் கழிந்தவை 36 ஆண்டுகள். காட்டு வரிக்குதிரை 20 ஆண்டைக் கடப்பது அரிது. ஆகவே வேலிக்கு முன் அவ்வழி நடந்த ஒன்றும் அம்மந்தையில் இருந்திருக்க முடியாது. தாய் காட்டிய வழியை அப்படியே பின்பற்றின என்று சொல்வதற்கில்லை. அத்தனை காலம் பேசப்படாத மொழியும் இவ்வாறு மீளுமா என்று மாணவர் எவரேனும் கேட்கலாம். மொழிக்கு மழை வழிகாட்டாது, தம்பி.

வரிக்குதிரைகளுக்கு மழையே வழிகாட்டுகிறது போலும். மழையையும் பசுமையையும் காட்டும் செயற்கைக்கோள் பதிவுகளோடு அவற்றின் நடையை ஒப்பிட்டபோது இரண்டும் பெரிதும் இணங்கின. முதல் மழை பெய்ததும் மந்தை புறப்படுகிறது. வழியெங்கும் தேங்கிய குட்டைகளே அதற்குக் குடிநீர். அங்குள்ள குட்டைகள் வற்றியதும், அது மீண்டும் டெல்டாவை நோக்கித் திரும்புகிறது.