தந்தையாகிய நேரு



1964ஆம் ஆண்டு மே 27ஆந் திகதி மறைந்த பண்டித ஜவகர்லால் நேரு அவர்களை அரசியற் பெருந்தலைவராக நாம் போற்றுகின்றோம். ஒரு தந்தையாகவும் அவர் போற்றத்தக்கவர்.

1928ஆம் ஆண்டுக் கோடையில், பத்து வயது மகள் இந்திரா முசூரி மலையில் இருந்தார், தந்தையோ அலகாபாத்தில். பூமி தோன்றிய வரலாற்றையும் ஆதிமனிதர் வாழ்வையும் மகளுக்குக் கடிதங்களில் விளக்கினார். பின்னர் 1930 ஒக்டோபரில் நைனிச் சிறையிலிருந்து தொடங்கி, 1933 ஓகஸ்ட் வரை உலக சரித்திரத்தையே 196 கடிதங்களாக எழுதினார். மகளின் பிறந்தநாளுக்குப் பரிசளிக்கச் சிறையில் என்ன பொருள் உண்டு? தம் சிந்தனையையே பரிசாக்கினார்.

ஆயினும், எத்தனை கடிதங்களும் தந்தை அருகிலிருப்பதற்கு ஈடாகா. நேருவைச் சிறைக்கதவு தடுத்தது. நம் வீடுகளில் எந்தக் கதவு தடுக்கின்றது? ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் பிள்ளைகளோடு மனம்விட்டுப் பேசாத தந்தையர் எத்தனை பேர்! உணவும் உடையும் கொடுத்தாற் கடமை முடிந்துவிடுமா?

பெரியோர்களே, உங்கள் உழைப்பை நாம் மறவோம். அதனோடு, மாலையில் அரைமணி நேரம் உங்கள் பேச்சையும் வேண்டி நிற்கின்றோம். இளைஞர்களாகிய நாமும், தந்தை பேச வரும்பொழுது எழுந்து போகாதிருப்போம். நாளை நம்மிற் பலர் தந்தையராவோம். அதற்கான பயிற்சி இன்றே தொடங்கட்டும்.