விலை கொடுத்து வாங்கும் வார்ப்புரு: தமிழ்த் தளத்துக்கு வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

இணைய இதழ் நடத்துவோரும், சிறு பதிப்பகத்தாரும், சொந்தத் தளத்தில் தம் கட்டுரைகளை வெளியிடும் எழுத்தாளர்களும் தங்கள் பக்கங்களின் தோற்றத்தை அடிமுதல் தாமே நிரலெழுதி உருவாக்குவது அரிது. பெரும்பாலோர் பிறர் செய்துவைத்த வடிவமைப்பு வார்ப்புரு ஒன்றை எடுத்துத் தம் தளத்தில் பொருத்திக்கொள்கின்றனர். வழக்கில் தீம் என்று சொல்லப்படும் இவ்வார்ப்புரு, தலைப்பு எந்த அளவில் எந்த எழுத்துருவில் தோன்ற வேண்டும், பகுதிகளின் பட்டியல் எங்கே நிற்க வேண்டும், கைபேசியின் குறுகிய திரையில் பக்கம் எவ்வாறு ஒடுங்க வேண்டும் என்பன போன்ற விதிகளைக் கொண்ட கோப்புகளின் தொகுப்பாகும். இவற்றுள் இலவசமாகக் கிடைப்பவை பல. கட்டணம் செலுத்திப் பெறுபவை பிரீமியம் தீம் எனப்படுகின்றன. அத்தகைய கட்டண வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதையும், செலுத்தப்படும் பணம் உண்மையில் எதற்கு விலையாகிறது என்பதையும் இவ்வுரை ஆராய்கிறது.

எழுத்து வேறு, அதன் தோற்றம் வேறு என்று பிரித்து வைக்கும் கருத்தே வார்ப்புருக்களுக்கு அடிப்படை. ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹோகுன் வியும் லீ, பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தொடாமல் அதன் நிறத்தையும் அளவையும் இடைவெளியையும் தனியொரு விதித்தொகுப்பால் ஆளலாம் என்ற திட்டத்தை 1994ஆம் ஆண்டு முன்வைத்தார். சி.எஸ்.எஸ். என்னும் பெயர் பெற்ற அம்முறை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 1996 டிசம்பரில் வெளியாயிற்று. பின்னர் 2003 மே மாதத்தில் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரின் முயற்சியால் வேர்ட்பிரஸ் என்னும் வெளியீட்டு மென்பொருள் பிறந்தது. கட்டுரைகளைத் தரவுத்தளத்திலும் தோற்றத்தைத் தனிக் கோப்புகளிலும் வைக்கும் இம்மென்பொருளில், 2005 பிப்ரவரியில் வந்த 1.5ஆம் பதிப்பு வார்ப்புரு முறையைக் கொண்டுவந்ததனால், ஒரு தளத்தின் முகத்தை ஒரே சொடுக்கில் மாற்றிவிட முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே வார்ப்புருவைச் செய்து விற்பது தனித்தொழிலாக வளர்ந்தது. 2008இல் தொடங்கிய தீம்ஃபாரஸ்ட் போன்ற இணையச் சந்தைகள் அத்தொழிலுக்குக் களமாயின.

இத்தொழிலின் நடுவே, வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய சட்டநிலை ஒன்று உள்ளது. வேர்ட்பிரஸ், ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்படும் மென்பொருள். அவ்வுரிமம், மென்பொருளைப் பெற்றவர் அதைப் படிக்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறருக்கு வழங்கவும் உரிமை அளிப்பதோடு, அதிலிருந்து கிளைத்த ஆக்கங்களும் அதே உரிமையை வழங்க வேண்டும் என்று கோருகிறது. வார்ப்புருவும் அவ்வாறு கிளைத்த ஆக்கமா என்ற வினா 2010 ஜூலையில் பெரிய வாதமாக எழுந்தது. தீசிஸ் என்னும் புகழ்பெற்ற கட்டண வார்ப்புருவை உருவாக்கிய கிறிஸ் பியர்சன் தம் படைப்பு அவ்வுரிமத்துக்குக் கட்டுப்பட்டதன்று என்று வாதிட, முல்லன்வெக் அதை மறுத்தார். இறுதியில் பியர்சன் தம் வார்ப்புருவின் நிரல் பகுதியை ஜி.பி.எல். உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்து, சி.எஸ்.எஸ்., படங்கள் போன்ற பகுதிகளுக்கு மட்டும் தனி உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார். நிரலைப் படியெடுக்கும் உரிமை இவ்வாறு பரவலாக ஏற்கப்பட்ட பின், வார்ப்புருவுக்குக் கொடுக்கும் பணம் நிரலுக்கான விலை என்று கொள்வது பொருந்தாது. அந்நிரலை ஆண்டுதோறும் பழுதுபார்த்து, மூல மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஏற்பத் திருத்தி, ஐயம் எழும்போது விடை சொல்லும் மனித உழைப்புக்கே அப்பணம் செல்கிறது. ஆகவே வார்ப்புருவைத் தேர்ந்தெடுப்பது என்பது அதைப் பேணும் கைகளைத் தேர்ந்தெடுப்பதாகும்.

பேணுதல் தவறினால் நேரும் இழப்பை இரு நிகழ்வுகள் காட்டின. படங்களைத் தேவையான அளவுக்குச் சுருக்கித் தரும் டிம்தம்ப் என்ற சிறுநிரல் ஒரு காலத்தில் இலவச வார்ப்புருக்களிலும் கட்டண வார்ப்புருக்களிலும் பரவலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. வெளித்தளங்களிலிருந்து படங்களைக் கொணர்ந்து சேமிக்கும் அதன் வசதியை ஏமாற்றி, படத்துக்குப் பதிலாகத் தீய நிரலை உள்ளே வைத்துவிட முடியும் என்பது 2011 ஆகஸ்டில் தெரியவந்தது. டிம்தம்ப் தம் வார்ப்புருவுக்குள் இருப்பதையே அறியாத பலரின் தளங்கள் தாக்குதலுக்கு ஆளாயின. ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற படவரிசைச் செருகுநிரலில், அதாவது தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணைநிரலில், இருந்த ஓட்டை 2014இல் வெளிப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. அதன் ஆசிரியர்கள் அவ்வோட்டையை முன்னரே அடைத்துவிட்டிருந்தும், பல வார்ப்புருக்களோடு இணைத்து வழங்கப்பட்ட படிகளுக்கு அத்திருத்தம் தானாகச் சென்று சேரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் சோக்சோக் எனப் பெயரிடப்பட்ட தாக்குதல் பரவியபோது, 11,000க்கும் மேற்பட்ட தளங்களைக் கூகுள் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது.

இந்நிகழ்வுகளிலிருந்து வாங்குபவருக்குக் கிடைக்கும் அளவுகோல்கள் தெளிவானவை. ஒவ்வொரு வார்ப்புருவுடனும் மாற்றப் பதிவேடு ஒன்று, அதாவது எந்த நாளில் எது திருத்தப்பட்டது என்ற குறிப்பு, வழங்கப்படுவது வழக்கம். அதில் கடைசிப் பதிவு எப்போது இடப்பட்டது, பதிவுகள் சீரான இடைவெளியில் உள்ளனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உடன் வரும் செருகுநிரல்கள் எவை, அவற்றுக்கான திருத்தங்கள் நேரடியாக வருமா அல்லது வார்ப்புருவின் ஆசிரியர் வழியாக மட்டுமே வருமா என்பதை அடுத்துக் கேட்டறிய வேண்டும். உதவிக் காலமும் விற்பனையாளருக்கு விற்பனையாளர் வேறுபடுகிறது. தீம்ஃபாரஸ்டின் வழக்கமான உரிமம் 6 மாத உதவியை உள்ளடக்க, வேறு சிலர் ஆண்டுச் சந்தா முறையைப் பின்பற்றுகின்றனர், சந்தா முடிந்தால் புதுப்பிப்பும் நின்றுவிடக்கூடும். கட்டண வார்ப்புருவின் பூட்டை உடைத்து இலவசமாகப் பரப்பப்படும் படிகளை எக்காரணம் கொண்டும் ஏற்கலாகாது; தீய நிரலை ஒளித்துவைத்துப் பரப்புவதற்கு அவை பலமுறை வாகனமாகியுள்ளன என்பதோடு, பணம் செலுத்துவதன் ஒரே பயனாகிய தொடர்ந்த பராமரிப்பும் அவற்றுக்குக் கிடையாது.

பேணுபவரைப் பற்றிய தெளிவு ஏற்பட்ட பின்னரே தோற்றத்தைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்க வேண்டும். அங்கே காத்திருக்கும் முதல் மயக்கம், விற்பனைக்காகக் காட்டப்படும் மாதிரித் தளம். ஜவுளிக்கடைப் பொம்மைக்கு உடுத்திய சேலையைப் போல, அம்மாதிரியில் எல்லாம் அளவெடுத்துப் பொருத்தப்பட்டிருக்கும். தேர்ந்த ஒளிப்படக் கலைஞரின் படங்களும், இரண்டு மூன்று சொற்களில் அடங்கும் ஆங்கிலத் தலைப்புகளும், ஒரே அளவான பத்திகளும் அங்கே இருக்கும். நீண்ட தலைப்பும், படமே இல்லாத கட்டுரையும், அடிக்குறிப்புகளும், செய்யுள் வரிகளும், அட்டவணையும் உள்ள உண்மையான தமிழ்த் தளத்தில் அதே வார்ப்புரு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்கு அம்மாதிரி சான்றாகாது.

ஆங்கிலத்தை மனத்தில் கொண்டு வரையப்பட்ட வார்ப்புருவில் தமிழ் அடையும் இடர்ப்பாடுகள் பலவகை. முதலாவது, எழுத்துரு பற்றியது. வார்ப்புருவோடு வரும் அழகிய எழுத்துரு பெரும்பாலும் இலத்தீன் எழுத்துகளை மட்டுமே கொண்டிருக்கும். அதில் தமிழ் இல்லாதபோது, படிப்பவரின் கருவியில் உள்ள தமிழ் எழுத்துருவை உலாவி தானாக எடுத்துக்கொள்ளும். அதன் விளைவாக ஒரே பக்கம் விண்டோஸ் கணினியில் நிர்மலா எழுத்துருவிலும், ஆப்பிள் கணினியில் தமிழ் சங்கம் எழுத்துருவிலும், ஆண்ட்ராய்டு கைபேசியில் நோட்டோ எழுத்துருவிலும் தோன்றும். வடிவமைப்புக்கென்று கொடுத்த பணம் தமிழ்ப் பகுதிக்குப் பயன்படாமலே போகும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், காட்டமரான், ஹிந்த் மதுரை போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் ஒன்றை எளிதாகச் சேர்க்க வார்ப்புரு இடம் தருகிறதா என்பது ஆகவே அடிப்படை வினா. அவ்வெழுத்துருவின் தடித்த வடிவமும் சேர்க்கப்பட வேண்டும். அது இல்லையெனில் உலாவி சாதாரண எழுத்தையே செயற்கையாகப் பருமனாக்கிச் சுழிகளை அடைத்துவிடும்.

இரண்டாவது, வரிகளுக்கு இடைப்பட்ட வெளி. தமிழில் புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும் எழுத்தின் தலைக்கு மேலே எழ, உகர ஊகாரச் சுழிகள் அடிக்குக் கீழே இறங்குகின்றன. ஆங்கிலத்துக்குப் போதுமான வரியிடைவெளியில் மேல்வரியின் சுழியும் கீழ்வரியின் கொக்கியும் உரசிக்கொண்டு கண்ணைக் களைப்புறச் செய்யும். எழுத்தின் அளவைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு இடைவெளி வைத்தால் நீண்ட கட்டுரை இளைப்பாறலோடு படிக்கத்தக்கதாகிறது. இதனோடு தொடர்புடையது இருபுறமும் சமன்செய்யும் அமைப்பு. அச்சுத் தமிழில் வரியின் முடிவில் சொல்லை எவ்வெழுத்திலும் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லும் மரபு உண்டு. உலாவிகளோ பெரும்பாலும் சொல்லிடைவெளியில்தான் வரியை முறிக்கின்றன. உருபுகளும் துணைவினைகளும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்கள் கைபேசியின் குறுகிய பத்தியில் சமன்செய்யப்படும்போது சொற்களுக்கிடையே பெருவெளிகள் தோன்றும்; ஆதலால் இடப்புறம் மட்டும் சீராக நிற்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வார்ப்புரு வழிவிட வேண்டும்.

மூன்றாவது, வேறுபடுத்திக் காட்டும் முறை. ஆங்கில வடிவமைப்பாளர் பட்டியலின் பெயர்களைப் பெரிய எழுத்திலும், மேற்கோளைச் சாய்ந்த எழுத்திலும் காட்டிப் பிரிப்பர். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை. சாய்வெழுத்தோ, தனியாக வரையப்படாத இடங்களில் நேரெழுத்தைச் செயற்கையாகச் சரிப்பதாகவே முடிந்து வடிவைக் கெடுக்கிறது. அளவு, நிறம், தடிமன், வெளி ஆகியவற்றால் வேறுபாடு காட்டும் வார்ப்புருவே தமிழுக்கு ஏற்றது. அந்நிறமும் வெளிறிய சாம்பலாக இருத்தல் ஆகாது. எளிதில் அணுகத்தக்க பக்கங்களுக்கான சர்வதேச நெறிமுறை, சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று வகுத்துள்ளது.

நான்காவது இடர்ப்பாடு கண்ணுக்குத் தெரியாத நிரலுக்குள் உள்ளது. இணையத்தில் இன்று பரவலாக வழங்கும் யு.டி.எஃப்.8 குறியீட்டில் ஆங்கில எழுத்து ஒன்று 1 பைட் இடத்தைப் பெற, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைப் பெறுகிறது. 'கொ' போன்ற உயிர்மெய் இரு குறிகளால் ஆவதால் 6 பைட்டுகள் கொள்ளும். முகப்பில் நீண்ட தலைப்பை நறுக்கிக் காட்டும் வார்ப்புரு, எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணுமாயின், தமிழ்த் தலைப்பு மிகச் சீக்கிரமே அறுபடுவதோடு, எழுத்தின் நடுவே வெட்டுண்டு பொருளற்ற கட்டமாகவும் முடியும். சுருக்கத்தின் நீளமும் இவ்வாறே சோதிக்கப்பட வேண்டும். வேர்ட்பிரஸ் தானாக எடுக்கும் 55 சொற்கள், தமிழில் ஆங்கிலத்தைவிட மிகுதியான இடத்தை நிரப்பிப் பெட்டிகளின் உயரத்தைக் குலைக்கக்கூடும். மேலும், 'தேடுக', 'மேலும் படிக்க' என்பன போன்ற சொற்கள் நிரலுக்குள் ஆங்கிலத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றனவா, அல்லது தனி மொழிக்கோப்பின் வழியாகத் தமிழாக்கத்தக்கனவா என்பதையும் விற்பனையாளரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

தமிழுக்குப் பொருந்துவது உறுதியான பின், வேகம் பார்க்கப்பட வேண்டும். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 வினாடிக்குள் திரையில் தோன்றினால்தான் நல்ல அனுபவம் என்று கூகுள் வகுத்த அளவுகோல் கொள்கிறது. ஓடும் படவரிசை, அசையும் எழுத்து, எண்ணற்ற எழுத்துருக்கள் ஆகிய ஒவ்வொன்றும் படிப்பவரின் கைபேசிக்குக் கூடுதல் சுமை. விலை குறைந்த கைபேசியில், வலுக்குன்றிய இணைப்பில் படிக்கும் வாசகரே அச்சுமையை முழுவதும் சுமக்கிறார். மாதிரித் தளத்தின் முகவரியைப் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்னும் இலவசக் கருவியில் இட்டால், வாங்குவதற்கு முன்னரே இவ்வேகத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

இறுதியாக, வெளியேறும் வழி. சில கட்டண வார்ப்புருக்கள், பத்திகளையும் பொத்தான்களையும் அமைக்கத் தமக்கே உரிய குறுங்குறிகளைக் கட்டுரையின் உடலுக்குள் எழுதிவைக்கின்றன. பின்னாளில் வேறு வார்ப்புருவுக்கு மாறும்போது அக்குறிகள் சதுர அடைப்புகளாகக் கட்டுரை நடுவே வெளிப்பட, நூற்றுக்கணக்கான கட்டுரைகளைக் கையால் திருத்த நேரும். வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வ இலவசத் தொகுப்பு, உள்ளடக்கத்தை உருவாக்கும் இத்தகைய வசதிகளை வார்ப்புருவில் சேர்க்கலாகாது, அவை செருகுநிரலுக்கே உரியவை என்று விதித்திருப்பதன் காரணம் இதுவே. கட்டண வார்ப்புருக்களை வெளியில் விற்போரை அவ்விதி கட்டுப்படுத்தாது. ஆதலால் வாங்குபவரே அதைத் தம் விதியாகக் கொள்ள வேண்டும். தம் சொந்தத் திருத்தங்களை மூலக் கோப்புகளில் செய்யாமல் சேய் வார்ப்புருவில், அதாவது மூலத்தைச் சார்ந்து தனித்து நிற்கும் சிறு தொகுப்பில், எழுதுவதும் இன்றியமையாதது. இல்லையெனில் அடுத்த புதுப்பிப்பு அத்திருத்தங்களை அழித்துவிடும்.

இவற்றையெல்லாம் சோதிக்க நீண்ட காலம் வேண்டியதில்லை. பணத்தைத் திருப்பித் தரும் காலவரையறை உள்ள விற்பனையாளரிடம் வாங்கி, பொதுமக்கள் பார்க்காத சோதனைத் தளத்தில் பொருத்தி, தம்மிடம் உள்ளவற்றுள் மிக நீண்ட தலைப்புடைய கட்டுரை, படமில்லாக் கட்டுரை, செய்யுள் மிகுந்த கட்டுரை ஆகியவற்றை இட்டு, கைபேசியில் தொடக்கம் முதல் முடிவு வரை படித்துப் பார்த்தல் போதும். பின்னர் வேறொரு வார்ப்புருவுக்கு மாற்றி, எழுத்து சேதமின்றி நிற்கிறதா என்றும் காண வேண்டும். எழுதியவரின் உழைப்பு கட்டுரையில் உள்ளது. வார்ப்புரு சில ஆண்டுகளில் மாறுவது இயல்பு. மாறும் அந்நாளில் ஓரெழுத்தும் கெடாமல் விடைகொடுக்கும் வார்ப்புருவே, வாங்கும் நாளில் கொடுத்த விலைக்குத் தகுதியுடையது.