தாலாட்டில் ஒளிந்த மனத்தாங்கல்



தாலாட்டைக் கேட்போர் இருவகையினர். தொட்டிலில் கிடக்கும் குழந்தை ஒருவகை. திண்ணையிலும் அடுக்களையிலும் இருக்கும் உறவினர் மற்றொரு வகை. குழந்தைக்கு ஓசையே போதும். பொருள் உறவினர்க்கு உரியது. நேரில் சொல்ல இயலாத மனத்தாங்கலைத் தமிழ்ப் பெண்கள் தொட்டிலருகே நின்று சொல்லியிருக்கிறார்கள்.

அழும் பிள்ளையிடம் அடித்தவர் யாரென்று கேட்கும் தாலாட்டுகள் தமிழகமெங்கும் உண்டு. மாமனா, அத்தையா, பாட்டியா எனத் தாய் வரிசையாகக் கேட்கிறாள். ஆனால், அவர்கள் கையில் அவள் வைப்பது பெரும்பாலும் பூச்செண்டே. ஐயம் உறவினர்மேல் விழுகிறது; அடி மட்டும் மலராகிவிடுகிறது. பெரியவர்களின் பகை பிள்ளைமேல் படலாகாது என்னும் தாயின் காவல் அது.

சேர மன்னராகிய குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் தேவகியின் புலம்பலைப் பாடினார். தமையன் கம்சனிடமிருந்து காக்கும்பொருட்டே அவள் மகனைப் பிரிந்தாள். தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்பதே அவள் துயரம். காத்தலும் பிரிதலும் அங்கே ஒரே செயலாகின்றன.

நல்லதங்காள் கதைப்பாடல் இதன் மறுபுறம். பஞ்சத்துக்கு அஞ்சி ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வருகிறாள் தங்கை. அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளியலங்காரி கதவடைக்கிறாள். அன்புள்ள தமையன் இருந்தும், அவன் அன்பு உரிய நேரத்தில் வாசலுக்கு வந்து சேரவில்லை. பிள்ளைகளும் தாயும் கிணற்றில் மாண்டனர். பெரியவர்களின் பகைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நிற்க அங்கே எவருமில்லை.

1961இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த 'பாசமலர்' திரைப்படத்தில், அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தைக்குப் பாடும் தாலாட்டைக் கண்ணதாசன் எழுதினார். விசுவநாதன் - ராமமூர்த்தி இசையில் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடினர். பிரிவுக்குக் காரணம் யாரென்று அப்பாடல் வழக்காடவில்லை. மாமன் உறவையும் வருங்கால மணவுறவையும் பிள்ளையின் காதில் போட்டுவைக்கிறது. பெரியவர்களால் காக்க முடியாத உறவைப் பாட்டு அடுத்த தலைமுறைக்கென எடுத்துவைக்கிறது. அதனாலேயே படத்தின் கதையை மறந்தவர்களும் பாடலை மறக்கவில்லை.

தோப்பில் முகம்மது மீரான் பிறந்த தேங்காய்ப்பட்டணத்தில் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சொத்துப் பங்கீட்டில் பேச்சறுந்த வீடுகள் எவ்வூரிலும் உண்டு. அவ்வீடுகளைப் பாடவரும் கவிஞர் நீதிபதியாக அமர்ந்தால், கட்சி பிரிந்தவர்களுக்கு இன்னொரு சாட்சி கிடைக்கும், அவ்வளவே. தொட்டிலருகே நின்று பாடினால், பகையறியாத பிள்ளை மாமன் பெயரை அன்போடு சொல்லிப் பழகும். முறிந்த உறவு திரும்பிவர அந்த ஒரு வழியேனும் திறந்திருக்கட்டும்.