அருவியில்லா நாட்டில் ஓர் ஆற்றங்கரை நடை

நடந்து நாடு காண்பது என்றவுடன் மலையும் அருவியுமே பலருடைய மனக்கண்ணில் தோன்றுகின்றன. இலங்கையில் அதற்கு வாய்த்த இடம் மத்திய மலைநாடு. ஹோட்டன் சமவெளியின் புல்வெளியினூடே சென்று, பேக்கர் அருவியின் ஓசையைக் கேட்டு, உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்று மீள்வோர் ஆண்டுதோறும் பல்லாயிரவர். யாழ்ப்பாணத்திலிருந்து புகையிரதமேறி அங்கே செல்வோரும் அவர்களுள் உளர். உங்கள் ஊரில் நடந்து காண என்ன உண்டு என்று அவர்களை வினவினால், "அங்கே மலையுமில்லை, ஆறுமில்லை" என்ற விடையே பெரும்பாலும் வரும்.

அவ்விடையில் பாதி உண்மை. யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான நிலம். அதன் மிக உயர்ந்த பகுதியும் கடல்மட்டத்துக்கு மேல் பத்து மீற்றரை ஒட்டியதே. அங்கே அருவி விழ வழியில்லை. ஆயினும் ஆறு இல்லை என்பது பிழை. ஓர் ஆறு உண்டு. வழுக்கையாறு என்றும் வழுக்கியாறு என்றும் அதனை வழங்குவர். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மேட்டு நிலங்களில் சேரும் மழைவெள்ளம் கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாகத் தென்மேற்கே இறங்கி, நவாலி, வட்டுக்கோட்டை வயல்களைத் தொட்டு, அராலியில் கடனீரேரியை அடைகின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். மகாவலியின் 335 கிலோமீற்றரோடு ஒப்பிட்டால் இஃது ஒரு வாய்க்காலே. ஆனால், காலையில் புறப்பட்டு மாலைக்குள் தலையிலிருந்து முகம்வரை ஓர் ஆற்றை முழுவதும் நடந்து காணும் பேறு பெரிய ஆறுகளின் கரையில் வாழ்வோர்க்கு வாய்ப்பதில்லை.

இவ்வாறு ஆண்டு முழுவதும் ஓடுவதன்று. குடாநாட்டிற்கு ஆண்டில் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை கிடைக்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு வந்து கொட்டித் தீர்ந்துவிடும். அப்பொழுதுதான் ஆற்றிலே நீர் பெருகும். தை பிறந்தபின் அது மெல்ல வடியும். சித்திரையில் வருவோர்க்கு வரண்ட பள்ளமும் அறுவடை முடிந்த வயல்களுமே தோன்றும். ஆதலின் ஆற்றில் நீரையும் காணவேண்டும், வழியும் கால் புதையாதிருக்கவேண்டும் என்று விரும்புவோர்க்கு மார்கழிக் கடைசியும் தை மாதமும் உகந்த காலம்.

நடையை அளவெட்டிப் பக்கத்தில் தொடங்கலாம். அங்கே மண் சிவந்திருக்கும். வெங்காயமும் புகையிலையும் வாழையும் பாத்தி பாத்தியாக நிற்கும். ஒழுங்கைகளின் இருமருங்கும் கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்ட வேலிகள். அவற்றினூடே செல்லும்போது ஆறு எங்கேயென்று தெரியாது. நிலம் சற்றே தாழும் இடத்தில், குளத்திலிருந்து குளத்துக்கு நீர் வழியும் வாய்க்காலாக அது முதலிற் கண்ணிற்படும். குளங்கள் நூலிற் கோத்த மணிகள் போல் அமைந்துள்ளன. ஒன்று நிறைந்தால் மற்றதற்கு வழிந்தோடும். இவ்வொழுங்கே ஆற்றின் உயிர்.

கந்தரோடையை அடைந்ததும் சற்றுத் தங்கவேண்டும். பனைகளினிடையே சுண்ணக்கல்லாலான சிறிய தூபிகள் கூட்டமாக அமைந்திருக்கும் காட்சி வேறெங்கும் காண்டற்கரியது. போல் ஈ. பீரிஸ் என்னும் அறிஞர் 1917ஆம் ஆண்டளவில் இவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்தார். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தினர் அகழ்வு நடாத்தினர். இங்கே கிடைத்த பழைய நாணயங்களும் மட்கலங்களும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூரில் மக்கள் செழித்து வாழ்ந்தமையையும் தொலைநாட்டு வாணிகத் தொடர்பு பூண்டிருந்தமையையும் காட்டுகின்றன. பழங்குடியிருப்பு ஏன் இங்கே அமைந்தது என்று எண்ணுவோர் அருகிலுள்ள குளத்தையும் வயலையும் நோக்கினால் விடை கிடைத்துவிடும். நன்னீர் உள்ள இடத்தில் ஊர் தோன்றியது.

சண்டிலிப்பாயைக் கடந்தால் வேலிகள் விலகி, வயல்வெளி விரிகின்றது. வெள்ளைக் கொக்குகள் வரம்பிலே காத்து நிற்கும். நெற்பயிர் காற்றுக்குச் சாயும். 1823இல் அமெரிக்க மிசனார் செமினரி நிறுவிய வட்டுக்கோட்டை மேற்கே கிடக்கும். அப்பால் மண் வெளிறுகின்றது, புல் குட்டையாகின்றது, மாடுகள் மேயும் தரவை தொடங்குகின்றது. அராலியில் ஆறு கடனீரேரியைச் சந்திக்குமிடத்தில் தடுப்பணை ஒன்று உண்டு. ஒருபக்கம் நன்னீர், மறுபக்கம் உவர்நீர். ஓர் அணையின் இருபுறமும் நாட்டின் இருவேறு விதிகள் நிற்பதுபோல் அக்காட்சி தோன்றும்.

அவ்வணையில் நிற்போர்க்குக் குடாநாட்டின் நீர்க்கதை விளங்கத் தொடங்கும். மலைநாட்டில் அருவி பாறையின் வெளியே விழுகின்றது. யாழ்ப்பாணத்திலோ அது பாறையின் உள்ளே விழுகின்றது. மேலே படிந்த மண்ணின் கீழ் எங்கும் சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே நாற்பது மீற்றரளவு நன்னீர் தங்கும் என்பது நூலோர் கணக்கு. அக்கணக்கின் மறுபக்கமும் உண்டு. மேலே ஒரு மீற்றரை இறைத்துவிட்டால், கீழிருந்து உவர்நீர் அதன் பன்மடங்கு ஏறிவரும். நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கூடான சான்று. கடலலைக்கு அருகிலேயே நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணியோ, நிலத்தினுள் மறைந்தோடும் நீர் வெளிப்படும் வாயில்.

இதனைப் பழையோர் அறிந்திருந்தனர். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. இயந்திரம் வந்தபின் அக்காவல் நீங்கிற்று. இன்று பல ஊர்களிற் கிணற்றுநீர் உவர்க்கின்றது. தோட்டங்களுக்கு மிகுதியாக இடும் உரத்தின் நைத்திரேற்றும் நிலத்தடி நீரிற் கலந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்நிலையில் வெள்ளத்தைத் தேக்கி நிலத்துக்கு ஊட்டும் குளங்களும் வாய்க்கால்களும் செல்வத்திற் சிறந்த செல்வம். ஆனால் ஆற்றின் கரையோடு நடப்பவர் காண்பது என்ன? சில இடங்களிற் குப்பை. சில இடங்களில் வாய்க்காலைக் குறுக்கிய மதில். சில இடங்களில் தூர்ந்த குளம். வண்டியில் விரைவோர்க்கு இவை தோன்றா. நடப்போர்க்கே தோன்றும்.

ஆறு வேண்டுமென்னும் ஏக்கம் புதியதன்று. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1954இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர்த் தேக்கமாக்கி, அந்நீரை வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவருவது அவருடைய கருத்து. வேலைகள் சில நடந்தும் அன்றைய திட்டம் முழுமை பெறவில்லை. 2024இல் தாழையடியில் கடனீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது பெரும் உதவியே. எனினும், வானம் இலவசமாகத் தரும் நீரைக் கடலுக்கு விட்டுவிட்டு, அக்கடலிலிருந்து பொருள்செலவிட்டு மீண்டும் நீர் எடுப்பதைக் கரையில் நிற்போர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வழுக்கையாற்றோடு நடை முடிந்துவிடுவதில்லை. தொண்டைமானாற்றில், செல்வச்சந்நிதி முருகன் கோயிலின் அருகே, கடனீரேரிக் கரையோடு மாலையில் உலாவலாம். வடமராட்சி கிழக்கின் மணற்காட்டிலே மணற்குன்றுகளும், மணலுள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயமும், சவுக்கந்தோப்பும் உண்டு. திறந்த புல்வெளியை விரும்புவோர் குறிகட்டுவானிற் படகேறி நெடுந்தீவு செல்லலாம். பவளக்கல் அடுக்கிய வேலிகளும், பருத்த பெருக்குமரமும், ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்த கூட்டமும் அத்தரவையிற் காணப்படும். மலைநாட்டின் வெளிகளுக்கு இவ்வெளி இளைத்ததன்று.

நடக்கப் புறப்படுவோர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் நலம். வெயில் ஏறுமுன் புறப்படவேண்டும். தலைக்கு மறைப்பும் குடிக்க நீரும் வேண்டும். வயல் வரம்பில் உழவர் தொழிலுக்கு இடையூறு கூடாது. போரினாற் பல ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்த வலிகாமம் வடக்கின் காணிகள் 2009க்குப் பின்னர் படிப்படியாகவே விடுவிக்கப்பட்டன. குடாநாட்டின் தென்கிழக்கில், முகமாலை போன்ற இடங்களிற் கண்ணிவெடிகள் பெருந்தொகையாகப் புதைக்கப்பட்டிருந்தன. ஆதலின் எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் வழியை விட்டு ஓரடியும் விலகலாகாது. தெரியாத ஊரில் முதியோர் ஒருவரிடம் வழி கேட்பதே சிறந்தது. அவர் வழியோடு குளத்தின் பெயரையும், அது எந்த ஆண்டில் முட்டி வழிந்தது என்பதையும் சொல்லுவார்.

அப்பெயர்களைப் பிள்ளைகள் அறிதல் வேண்டும். ஆசிரியர்கள் மாணவரை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆற்றின் கரையோடு அழைத்துச் செல்லலாம். எந்தக் குளம் எந்தக் குளத்துக்கு நீர் கொடுக்கிறது என்பதைக் காலால் அளந்து கற்ற பிள்ளை, வளர்ந்தபின் அவ்வாய்க்காலை மறித்து மதில் கட்டான். பெயர் தெரியாத பள்ளத்தைத் தூர்ப்பது எளிது. நடந்து பழகிய ஆற்றைத் தூர்க்க எவர்க்கும் மனம் வராது.